கிளட்ச் கேபிள் நீளமா இருக்கா? வெட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

மதுரையிலிருந்து ராஜபாளையம் போகும் வழியில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முன்னால் வருகிறது கிருஷ்ணன்கோவில். 1984-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. இப்படிப்பட்ட பொறியியல் வளாகங்களில் மாணவர்களே இரும்புக் குழாய்களை வெல்டு செய்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டுவது இன்று நாடு முழுக்கப் பரவிவிட்டது. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ‘ஃபார்முலா பாரத்’ போன்ற போட்டிகள்தான் அவர்களின் இலக்கு.

இந்தக் கார்கள் பலவற்றில் இருப்பது பைக் இன்ஜின். பைக்கில் கிளட்ச் லீவருக்கு அருகிலேயே இன்ஜின் இருக்கும். காரிலோ அது டிரைவரின் முதுகுக்குப் பின்னால். பைக்கின் கேபிள் அவ்வளவு தூரம் எட்டாது. தனியாகச் சொல்லிச் செய்து வாங்கினால், சில சமயம் கொஞ்சம் நீளமாக வந்துவிடும். உடனே கட்டிங் பிளேயரைத் தேடத் தோன்றும். அங்கேதான் பொறுமை வேண்டும்.

வெட்டாமலே சரிசெய்யலாம்

கிளட்ச் கேபிளில் இரண்டு பாகங்கள். உள்ளே முறுக்கிய எஃகுக் கம்பி, அதாவது இன்னர். வெளியே உறை, அதாவது அவுட்டர். உறையைவிடக் கம்பி எவ்வளவு நீளம் அதிகம் என்பதுதான் முக்கியம். இன்னர் 10 மி.மீ. கூடுதலாக இருந்தால், அவுட்டரின் முனையில் 10 மி.மீ. ஸ்பேசர் வைத்தாலே போதும். அட்ஜஸ்டரை அந்த அளவுக்கு வெளியே திருகினாலும் அதே பலன்தான். இன்னர் போதவில்லை என்றால், அவுட்டரைக் கொஞ்சம் வெட்டி, முனையைத் தேய்த்துச் சமமாக்கி, மூடியை மாட்டலாம்.

வெட்டியே ஆகணுமா?

வெட்டும் இடத்தில் முதலில் டேப் சுற்றுங்கள்; இல்லாவிட்டால் இழைகள் பிரிந்துவிடும். சாதாரண பிளேயர் இழைகளை நசுக்கும். கட்டிங் வீல் நல்லது. பிறகு நிப்பிளைக் கோத்து, முனையில் இழைகளைப் பூப்போல விரித்து, ஃப்ளக்ஸ் தடவி, ஈயம் பற்றவைக்க வேண்டும். அதிகம் சூடாக்கினால் எஃகு பலம் இழக்கும். வண்டி நிற்கும்போதே லீவரை முழு பலத்துடன் பலமுறை இழுத்துப் பாருங்கள். ஸ்குரூ வைத்து இறுக்கும் நிப்பிள், வீடு போய்ச் சேர்வதற்கு மட்டும்தான்.

ஏன் இவ்வளவு கவனம்?

கியரில் போட்டு, கிளட்ச்சைப் பிடித்தபடி சிக்னலில் நிற்கிறீர்கள். அந்த நொடியில் நிப்பிள் கழன்றால் கிளட்ச் பிடித்துக்கொள்ளும். வண்டி முன்னால் பாயும். எதிரே யாராவது சாலையைக் கடந்துகொண்டிருக்கலாம்.

கேபிளை மாட்டியதும் லீவரில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். மெக்கானிக்குகள் ‘ஃப்ரீ ப்ளே’ என்பது இதைத்தான். தளர்வே இல்லாவிட்டால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கும்; பிளேட் தேயும், கருகல் வாடை வரும். அதிகமானால் கிளட்ச் முழுதாக விடாது. கியர் போடும்போது ‘கர்ர்’ என்று சத்தம் கேட்கும். சரியான அளவு வண்டியுடன் வந்த கையேட்டில் இருக்கும். புது கேபிள் முதல் சில நாள்களில் கொஞ்சம் தளரும் என்பதால், மறுபடியும் ஒருமுறை சரிபாருங்கள். சைலன்ஸரைத் தொடாமல், கூர்மையாக மடங்காமல் அது போகிறதா என்பதையும் கவனியுங்கள்.

வீட்டு பைக்குக்கும் இதே கதைதான்

லீவர் திடீரென இறுகினாலோ, நிப்பிள் அருகே ஓர் இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலோ, ‘அடுத்த சர்வீஸில் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போட வேண்டாம். ஓர் இழை அறுந்தால், அதன் பாரம் மற்ற இழைகள்மேல் ஏறும். அவையும் சீக்கிரம் அறுந்துவிடும். நீண்ட தூரம் பைக்கில் போகிறவர்கள், பழைய கேபிளை ஒட்டியே புதியது ஒன்றையும் முன்கூட்டியே கட்டி வைத்துக்கொள்வது உண்டு. வழியில் அறுந்தாலும் இரண்டு முனைகளை மட்டும் மாற்றி மாட்டினால் போதும், பயணம் தொடரும்!