3.69 லட்சம் 'முதல்'

அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். மாதத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். ஸ்கூட்டரில் ஏறி உட்கார முடியாது. ஆப்பில் வண்டி போட்டால், டிரைவர் போன் செய்து "எங்க சார் டிராப்? கேஷா, ஆன்லைனா?" என்று கேட்பார். பதில் சொன்ன அடுத்த நிமிஷம் கேன்சல். போன ஐப்பசி அடைமழையில் வேளச்சேரியில் ஒரு மருந்துக் கடையின் தகர ஷெட்டுக்குக் கீழே, ஒரு கையில் எக்ஸ்ரே கவரும் மறு கையில் அம்மாவின் முழங்கையுமாக ஐம்பது நிமிஷம் நின்றேன். மூன்று வண்டி கேன்சல் ஆனது. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி, ஒரு கார் வாங்கிவிட வேண்டும் என்று.

நல்ல நேரம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்த்து 29 சதவீதமாக இருந்தது 18 ஆகக் குறைந்தது. நாலு மீட்டருக்குள் நீளம், 1,200 சி.சி.க்குள் இன்ஜின், இதுதான் கணக்கு. ஆல்டோ கே10 விலை 3.69 லட்சத்தில் தொடங்கும் என்று அறிவித்தார்கள். நம்மைப் போன்றவர்களுக்கும் கைக்கு எட்டிவிட்டது என்று சந்தோஷமாக இருந்தது. அந்தத் தொகைக்குப் பக்கத்தில் 'முதல்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதைத்தான் நான் சரியாகப் படிக்கவில்லை.

எந்தக் கம்பெனி காராக இருந்தாலும் அந்த 'முதல்' வண்டியை ஷோரூமில் பார்ப்பதே அபூர்வம். நான் போன இடத்தில், "அதுக்கு மூணு மாசம் வெயிட்டிங் சார், அடுத்த மாடல் ரெடியா நிக்குது" என்றார்கள். சரி என்று அதற்கே விலை கேட்டேன். காரின் விலை நாலரை லட்சம். சீட்டை வாங்கிக் கீழே பார்த்தால் மொத்தம் 5,77,000!

அந்தச் சீட்டு இன்னும் என் பையில் இருக்கிறது. ஆயுள் வரி 54,000. அது அரசாங்கத்துக்குப் போகிறது, மறுக்க முடியாது. ஆனால் தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்கு முன்னால் பத்து லட்சம் வரையுள்ள காருக்கு 10 சதவீதமாக இருந்த வரி, இப்போது ஐந்து லட்சத்துக்குள் இருந்தாலே 12. மத்தியில் குறைத்த வரியில் ஒரு பங்கு இந்த வழியில் கரைந்துவிடுகிறது. பதிவுச் செலவு, ஃபாஸ்டேக் எல்லாம் 4,000. இன்ஷூரன்ஸ் 28,000. இதுவரைக்கும்கூடப் பொறுத்துக்கொள்வேன். அதற்குக் கீழேதான் வயிறு எரிகிறது. அக்சஸரீஸ் கிட் 18,500. எக்ஸ்டெண்டட் வாரண்டி 11,000. ஹேண்ட்லிங் சார்ஜ் 6,000. டெஃப்லான் கோட்டிங் 5,500. இந்த நாலும் மட்டும் 41,000 ரூபாய்.

ஹேண்ட்லிங் என்றால் என்ன என்று கேட்டேன். யார்டிலிருந்து ஷோரூமுக்கு வண்டியை ஓட்டி வருகிற செலவாம். கடைக்காரர் தன் கடைக்குச் சரக்கு கொண்டுவருகிற கூலியை நான் ஏன் கொடுக்க வேண்டும்? கிட்டில் என்ன இருக்கிறது என்றால் மிதியடி, மட் ஃப்ளாப், சீட் கவர், ஒரு சென்ட் பாட்டில். வேண்டாம் என்றால், "கிட் இல்லாம டெலிவரி லேட்டாகும் சார்" என்கிறான் விற்பனைப் பையன். அவனைக் குறை சொல்ல மாட்டேன். மாதாமாதம் இத்தனை கிட் தள்ள வேண்டும் என்று அவன் தலையில் கட்டியிருப்பார்கள். இன்ஷூரன்ஸை வெளியே விசாரித்தேன். அதே கவர், அதே காப்பீட்டுத் தொகைக்கு, 21,000. ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

காரின் விலையே கூடிவிட்டதே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு நான் வருத்தப்படவில்லை. 1983-இல் மாருதி 800 ஐம்பதாயிரத்துக்குள் கிடைத்தது உண்மைதான். அதில் ஏர்பேக் கிடையாது. 2023-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஆல்டோ கே10-க்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் 2 நட்சத்திரம், குழந்தைகள் பாதுகாப்பில் ஒன்றுகூட இல்லை. இன்றைக்கு அதே காரின் எல்லா மாடலிலும் ஆறு ஏர்பேக் வருகிறது. என் மகளும் அம்மாவும் பின் சீட்டில் உட்காரப் போகிறார்கள். அதற்குக் கூடுதலாக இருபதாயிரம் கேட்டாலும் வாய் திறக்காமல் கொடுப்பேன். ஆனால் டெஃப்லானுக்கும் சென்ட் பாட்டிலுக்கும் என் பி.எஃப். பணத்தை எடுத்துக் கொடுக்க மனசு வரவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. இவ்வளவு வாங்கிக்கொண்டும், உண்மையில் தேவையானதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வேளச்சேரியில் குடியிருக்கிறவனுக்கு மழைக்காலம் என்றால் என்ன என்று தெரியும். வெள்ளம் வரும் என்று சொன்ன மறுநிமிஷம் மேம்பாலத்தில் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்துகிற ஊர் இது. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறி உடைந்துபோகும். சாதாரண இன்ஷூரன்ஸில் அதற்குப் பணம் வராது, 'இன்ஜின் புரொடெக்ட்' தனியாகச் சேர்க்க வேண்டும். 28,000 ரூபாய்க்கு பாலிசி போட்டு, சீட் கவருக்குப் பொருத்தமான கலர் வரை பேசிய ஷோரூம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

மழையில் ஸ்கூட்டரில் நனைந்துபோகும் குடும்பத்தைப் பார்த்துத்தான் ரத்தன் டாடாவுக்கு நானோ எண்ணம் வந்தது என்பார்கள். 2009-இல் ஒரு லட்ச ரூபாய் கார் என்று வந்தது, 2018-இல் தயாரிப்பு நின்றது. ஏழைகளின் கார் என்று பெயர் விழுந்ததே அதற்கு வினையாகிவிட்டது. அந்தக் குடும்பம் மட்டும் இன்னும் ஸ்கூட்டரில்தான் போய்க்கொண்டிருக்கிறது. சிக்னலில் தினமும் பார்க்கிறேன், அப்பாவுக்கு முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் குடையோடு அம்மா.

"இவ்வளவு காசுக்கு ஆட்டோவிலேயே போகலாமே மாமா" என்கிறான் மச்சான். நாலு லட்சம் கடன், ஒன்பதரை சதவீத வட்டி, ஏழு வருஷம் என்றால் மாதம் 6,540 ரூபாய். வட்டி மட்டுமே ஒன்றரை லட்சத்தைத் தொட்டுவிடும். கணக்கு மட்டும் பார்த்தால் அவன் சொல்வது சரி. ராத்திரி பதினொரு மணிக்கு அம்மா மூச்சுத் திணறி எழுந்தால் அந்தக் கணக்கு உதவாது. மூன்றரை மீட்டர் நீளம், எங்கள் சந்துக்குள் திரும்பும், லிட்டருக்கு இருபது கிலோமீட்டராவது ஓடும். சின்ன கார் அதன் விலைக்குத் தகுந்த பொருள்தான். அந்த விலைக்கு அதை நம் கையில் கொடுக்க மாட்டேன் என்கிறார்களே, அதுதான் என் ஆதங்கம்.

வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து சீட்டை வாங்கி வீட்டுக்கு எடுத்துவந்து, ஒவ்வொரு வரிக்கும் இது எதற்கு என்று எழுதிக் கேளுங்கள். வேண்டாததை அடித்துவிட்டு மறுபடி போய் நில்லுங்கள். நான் அடித்துக் கொடுத்த சீட்டு 5,29,000-க்கு வந்து நிற்கிறது. பதினைந்து நாள் ஆகிறது, இன்னும் பதில் வரவில்லை. அம்மாவுக்கு வியாழக்கிழமை டாக்டர். தெரு முனை ஸ்டாண்டில் ஆட்டோ சொல்லி வைத்திருக்கிறேன்.