நம் கட்சிக்காரர் கையெழுத்துப் போடுகிறவர்

பத்திர எழுத்தர்களான நம்மிடம் தான செட்டில்மெண்ட் எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று பேராகத்தான் வருவார்கள்: வயதான தாய் அல்லது தகப்பன், ஒரு மகன், மகனுக்கு வேண்டிய ஒருவர். பேசுவது மகன். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் மகன் கையில் இருக்கும் பிளாஸ்டிக் உறையில். ஃபீஸ் கொடுப்பதும் அவரே. பெரியவர் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பெயர், வயது, ஆதார் எண் கேட்கும்போது மட்டும் நம் பக்கம் திரும்புவார். கணினியில் ஏற்கெனவே இருக்கும் மாதிரியைத் திறந்து, பெயரையும் நான்கெல்லையையும் மாற்றி, அரை மணியில் வரைவை முடித்துவிடுகிறோம். அன்பினாலும் பிரியத்தினாலும் என்று தொடங்கும் அந்த மாதிரி, இனி மேற்படி சொத்தில் எனக்கு யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை, எக்காரணம் கொண்டும் ரத்து செய்யமாட்டேன் என்று முடியும். நடுவில் அந்தப் பெரியவர் நாளைக்கு எங்கே படுப்பார், மாத்திரைக்கு யார் காசு கொடுப்பார் என்று ஒரு சொல் இருக்காது.

பெற்றோர் பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டார்கள் என்ற பேச்சில் முதுமையையும் நோயையும் விலைவாசியையும் காரணம் சொல்கிறோம். நம் மேசையிலிருந்து பார்த்தால் வேறொரு காரணமும் தெரிகிறது. பதிவுக்கு முந்தின நாள்வரை தன் வீட்டில் மகனைக் குடும்பத்தோடு வைத்திருந்த தாய், பதிவு முடிந்த மறுநாள் மகன் வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் தாய். சர்க்கரையும் மூட்டுவலியும் இரண்டு நாளும் ஒன்றுதான். மாறியது நாம் எழுதிய காகிதம். 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் அறுபதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. இந்த வேலை நமக்கு இனி அதிகமாகத்தான் வரும்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. அதன் 23ஆம் பிரிவை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கிறோம், முழுதாகப் படித்தவர்கள் குறைவு. அடிப்படை வசதிகளையும் உடல் தேவைகளையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு மூத்த குடிமகன் ஒருவர் சொத்தை மாற்றிக் கொடுத்து, வாங்கியவர் அதைச் செய்யத் தவறினால், அந்த மாற்றம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ நடந்ததாகவே கருதப்படும். கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம். தீர்ப்பாயம் என்றால் நம் ஊரில் கோட்டாட்சியர் அலுவலகம், மேல்முறையீடு கலெக்டரிடம். நல்ல பிரிவுதான். ஆனால் ‘நிபந்தனையோடு’ என்ற இடத்தில்தான் எல்லா வழக்கும் சிக்குகிறது.

2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சுதேஷ் சிக்காரா வழக்கில் தெளிவாகச் சொன்னது: நிபந்தனை இருந்ததாகக் காட்டாமல் 23ஆம் பிரிவைக் கேட்க முடியாது; பெற்றோர் பிரியத்தினால், எதையும் எதிர்பாராமல் கொடுப்பதும் உலகத்தில் உண்டு. அதாவது, அழகுக்காக நாம் போட்டுவைக்கும் அந்த அன்பும் பிரியமும் வழக்கு வந்தால் மகனுக்குச் சாட்சி சொல்லக்கூடும். 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் அதே நீதிமன்றம், இது நலம் நாடும் சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது; சொத்தைத் திரும்ப ஒப்படைக்கச் சொல்லும் அதிகாரமும் தீர்ப்பாயத்துக்கு உண்டு என்றது. வழக்குப் போட்ட தாயிடம் பராமரிப்பு பற்றித் தனியாக எழுதி வாங்கிய உறுதிமொழி ஒன்று இருந்தது என்பதை மறக்கக் கூடாது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு நாகப்பட்டினம் வழக்கொன்றில் இன்னும் ஒரு படி போய், அன்பினால் கொடுத்தேன் என்பதிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது என்றது. அந்தத் தீர்ப்பை வரவேற்கிறோம். ஆனால் எண்பது வயதுக்காரரின் சோற்றை எந்த அமர்வு எப்படிப் பொருள் கொள்ளும் என்பதன் மேல் வைத்துவிட்டு நாம் நிம்மதியாக இருக்க முடியாது. ஒரு பத்தி கூடுதலாகத் தட்டினால் தீர்கிற விஷயம் இது.

அதைவிட நாம் கவனிக்காமல் விடுவது 23ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. ஒரு சொத்திலிருந்து பராமரிப்புப் பெறும் உரிமை மூத்த குடிமகனுக்கு இருந்து, அந்தச் சொத்து கைமாறினால், உரிமை தெரிந்தே வாங்கியவரிடமும் இலவசமாகப் பெற்றவரிடமும் அதைக் கேட்கலாம். தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவரிடம் கேட்க முடியாது. பதிவான பத்திரத்திலேயே அந்த உரிமை எழுதப்பட்டிருந்தால், பின்னால் வாங்குபவர் எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. வெள்ளைத்தாளில் எழுதி வாங்கி அலமாரியில் வைத்த உறுதிமொழிக்கு இந்த பலம் கிடையாது.

எழுதும்போது ‘நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். நன்றாக என்பதற்கு அளவே கிடையாது. எந்த அறை, எந்தத் தளம், மாதம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் எந்தக் கணக்கில், மருத்துவச் செலவு யாருடையது, வாடகை வந்தால் அதில் பெரியவர் பங்கு என்ன என்று எழுதுங்கள். முக்கியமாக, ‘எங்கு வசித்தாலும்’ என்று ஒரு சொல்லைச் சேருங்கள். சொத்து மகனுக்குப் போகும், கடைசியில் தாய் போய்ச் சேருவது மகள் வீடாக இருக்கும். என்னோடு வந்து இருந்தால்தான் தருவேன் என்று மகன் சொல்லாமல் இருக்க அந்தச் சொல் வேண்டும். தீர்ப்பாயத்தில் மாதப் பராமரிப்புக்கு 10,000 ரூபாய்தான் உச்சவரம்பு; அதை எடுத்துவிட 2019இல் கொண்டுவந்த மசோதா காலாவதியாகிவிட்டது. பத்திரத்தில் எழுதும் தொகையை அந்த வரம்புக்குள் அடக்க வேண்டியதில்லை.

நிபந்தனை போட்டால் வங்கிக் கடன் கிடைக்காது என்பார் மகன். பாதி உண்மை. வங்கியின் சட்ட ஆலோசகர் முகம் சுளிக்கத்தான் செய்வார். அப்படியானால் கடனுக்காகத்தான் தன் உரிமை விலகுகிறது என்பது கையெழுத்துக்கு முன்பே அந்தத் தாய்க்குத் தெரிய வேண்டாமா? கடன்தான் நோக்கம் என்றால் வேறு வழிகளைப் பேசலாம். ஆயுள்கால அனுபோகத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு செட்டில்மெண்ட் எழுதலாம். பதிவான தானத்துக்குச் சுவாதீனம் உடனே கைமாற வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்த்துவிட்டது. உயில் எழுதலாம், மனம் மாறினால் மாற்றி எழுதலாம். உயிலில் நமக்கு வரும்படி குறைவு என்பதை ஒத்துக்கொள்வோம். அதற்காக அதைச் சொல்லாமல் விடுவது தொழில் அல்ல.

பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் எல்லோரும் கெட்டவர்கள் என்று இந்த இதழ் சொல்லவில்லை. இரவில் மூன்று முறை எழுந்து தகப்பனைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போகிறவருக்கு, வெளியூரிலிருந்து போனில் அதட்டும் அண்ணனிடமிருந்தும் பாதுகாப்பு வேண்டும். கடமை எதுவரை என்று எழுதிய பத்திரம் அவருக்கும் கவசம். எழுதாத கடமைக்கு எல்லையே இல்லை, அதனால்தான் அது பாரமாகத் தெரிகிறது.

நடந்த தவறைத் திருத்த ரத்துப் பத்திரம் எழுதிக் கொடுப்பவர்களுக்கும் ஒன்று. ஏற்றுக்கொள்ளப்பட்ட, நிபந்தனையற்ற தானத்தைக் கொடுத்தவர் தானாக ரத்து செய்ய முடியாது என்பது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 126ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அந்தக் காகிதத்துக்குப் பெரியவரிடம் ஃபீஸ் வாங்கி அனுப்பினால், போக வேண்டிய கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகாமல் அவருக்கு ஒரு வருடம் வீணாகிறது.

ஆகவே இந்த மாதத்திலிருந்து உறுப்பினர்கள் ஒரு பழக்கத்தைத் தொடங்க வேண்டுகிறோம். வரைவு படித்துக் காட்டும்போது மகனைப் பத்து நிமிடம் வெளியே டீ குடிக்கச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டு வேறு எழுத்தரிடம் போனால் போகட்டும். பெரியவரிடம் தனியாக மூன்றே கேள்வி: கையெழுத்துக்குப் பிறகு வீடு உங்களுடையது இல்லை, தெரியுமா? அதற்குப் பிறகு எங்கே இருப்பீர்கள்? மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியுமா? பதிலைக் கேட்ட பிறகு வரைவைத் திருத்துங்கள். பதிவு முடிந்ததும் அசலை மகன் வாங்கிக்கொள்வார். சான்றிட்ட நகல் ஒன்றுக்கு அப்போதே மனுப் போட்டு, அதைப் பெரியவர் கையில் கொடுங்கள். செலவு பெரிதில்லை, மகன் தரும் ஃபீஸிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.