இருபது கேள்விகளால் யாரும் அடிமை ஆவதில்லை

“கல்லூரிப் பிள்ளைகளில் பாதிப் பேர் இணையத்துக்கு அடிமை. ஆய்வுகளே சொல்லிவிட்டன.” கருத்தரங்குகளிலும் பெற்றோர் கூட்டங்களிலும் இந்தப் பேச்சு அடிக்கடி எழுகிறது. காலையில் திருச்சி காட்டூரிலிருந்து திருவெறும்பூர்ப் பக்கம் போகும் பேருந்தில் ஏறி, பிள்ளைகள் போனில் மூழ்கியிருப்பதைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். இணையத்தால் படிப்பையும் பணத்தையும் தூக்கத்தையும் இழந்து நிற்கும் மாணவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் நம் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே இந்தக் கூற்றை மறுக்கிறேன்.

1. “எத்தனை மணி நேரம் என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.”

தெரியாது. காட்டூரில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். அரசின் ‘நான் முதல்வன்’ பயிற்சி, என்பிடெல் இணையப் பாடம், அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வுக்கு யூடியூப் வகுப்பு, ஊரிலிருக்கும் அம்மாவோடு வீடியோ அழைப்பு என்று ஐந்து மணி நேரம் போய்விடும். இன்னொருவர் அதே ஐந்து மணி நேரத்தைப் பணம் கட்டி ஆடும் ரம்மியில் கழிக்கலாம். கடிகாரத்துக்கு இருவரும் ஒன்றுதான். கொரோனா காலத்தில், 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, ஏறத்தாழ 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி டேட்டா இலவசமாகத் தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசே அறிவித்தது. படிப்புக்காக நாமே திறந்துவிட்ட வாசல் அது. அதில் செலவான நேரத்தை மட்டும் வைத்து நோய் என்று எப்படிச் சொல்வது?

2. “உலகம் முழுக்கப் பயன்படுத்தும் அளவுகோல் இருக்கிறதே.”

இருக்கிறது, அதன் வயதையும் பார்க்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் கிம்பர்லி யங் 1998இல் வெளியிட்ட 20 கேள்விகளைத்தான் நம் ஆய்வு மாணவர்கள் பலர் இன்றும் கூகுள் படிவத்தில் சுற்றுக்கு விடுகிறார்கள். அவர் அதற்கு முன் தயாரித்த 8 கேள்விகள் சூதாட்ட நோயின் அடையாளங்களை ஒட்டி அமைந்தவை. தொலைபேசிக் கம்பி வழியே இணையத்துக்குள் ‘போய்வந்த’ காலம் அது. வேறு வேலைக்கு முன் மின்னஞ்சலைப் பார்ப்பதும், இணையத்தில் புது நட்பு கொள்வதும் அந்த 20 கேள்விப் பட்டியலில் அறிகுறிகள். இன்றோ வகுப்பு எந்த அறையில் என்பதே வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது.

இன்னொரு சான்று. சமூக ஊடக ‘அடிமைத்தனத்தை’ அளக்கும் கேள்விகளை, நேரில் பழகும் நண்பர்களைப் பற்றிய கேள்விகளாக ஆய்வாளர்கள் சிலர் மாற்றி எழுதி, 807 பேரிடம் கேட்டார்கள். வழக்கமான கணக்கு முறைப்படி 69 விழுக்காட்டினர் ‘நண்பர்களுக்கு அடிமை’ என்று முடிவு வந்தது. நட்பையே நோயாகக் காட்டும் கருவியின் முடிவை அப்படியே நம்ப முடியாது.

3. “சதவீதக் கணக்கு பொய் சொல்லுமா?”

கோட்டை எங்கே கிழிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. மும்பையில் 987 வளரிளம் பருவத்தினரிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், யங்கின் மூல வரையறைப்படி அடிமைகள் 0.7 விழுக்காடு. 2015இல் வெளியான பெங்களூரு ஆய்வில், கல்லூரி மாணவர்களில் 34 விழுக்காட்டினருக்கு லேசான அடிமைத்தனம், 8 விழுக்காட்டினருக்கு மிதமான அடிமைத்தனம். இரண்டிலும் பயன்பட்டது யங்கின் வினாநிரலே. 50க்குக் கீழே பெற்றவரை யங் முதலில் சராசரிப் பயனாளர் என்றார். பின்னால் வந்த வகைப்பாட்டில் 31 முதல் 49 வரை ‘லேசான அடிமைத்தனம்’ ஆனது. மதிப்பெண் அதேதான், பெயர்தான் மாறியது. ‘பாதிப் பேர்’ என்ற பேச்சுக்கு ஊற்று இந்த ‘லேசான’ என்ற கட்டம்தான்.

4. “வினாநிரலில் சிக்கினால் நோயாளிதானே?”

ஒரு கணக்குப் போடுவோம். 1000 மாணவர்களில் 20 பேருக்கு உண்மையான சிக்கல் இருப்பதாகவும், சோதனை நூற்றுக்கு 90 முறை சரியாகச் சொல்வதாகவும் வைத்துக்கொள்வோம். 20 பேரில் 18 பேரைப் பிடிக்கும். மீதி 980 பேரில் 98 பேரையும் தவறாகச் சேர்த்துப் பிடிக்கும். பிடிபட்ட 116 பேரில் 98 பேருக்கு எதுவும் இல்லை. வினாநிரல் ஒரு சல்லடை. சலித்ததை ஆள் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-11 பட்டியலில் ‘இணைய அடிமைத்தனம்’ என்று பொதுவாக ஒரு நோய் இல்லை. வீடியோ விளையாட்டு நோயும் சூதாட்ட நோயும் இருக்கின்றன. விளையாட்டு நோய்க்கும் கட்டுப்பாடு இழப்பு, வாழ்க்கை பாதிக்கப்படுதல், வழக்கமாக 12 மாதத் தொடர்ச்சி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது.

5. “மிகைப்படுத்தினால் என்ன? எச்சரிக்கைதானே!”

இதுதான் எனக்கு மிகவும் வலிக்கும் வாதம். எல்லோரும் அடிமை என்றால் யாரையும் தனியாகக் கவனிக்க மாட்டோம். விடுதிக் கட்டணத்தை ரம்மியில் தொலைத்தவரும், மனச்சோர்வால் தூங்க முடியாமல் இரவெல்லாம் ரீல்ஸ் பார்ப்பவரும், வெறுமனே படம் பார்ப்பவரும் ஒரே சதவீதத்துக்குள் மறைந்துபோகிறார்கள். மனச்சோர்வு உள்ளவரிடமிருந்து போனைப் பிடுங்கினால், பேச இருந்த ஒரே தோழியையும் பிடுங்கியதாக ஆகலாம். 2023இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம்கூடப் பொத்தாம் பொதுவாக ‘இணையம்’ என்று பேசாமல், பணம் வைத்து ஆடும் ஆட்டத்தைத் தனியே குறிவைத்தது.

ஆகவே திருச்சிக் கல்லூரிகளிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஆய்வறிக்கையில் எந்த மதிப்பெண்ணில் கோடு கிழித்தீர்கள் என்று எழுதுங்கள். மணிக்கணக்கை விட்டுவிட்டு, எதைப் பார்க்கிறார், அரியர் விழுந்ததா, தூக்கம் கெட்டதா, பணம் போனதா, நிறுத்த முயன்று தோற்றாரா என்று கேளுங்கள். அதிக மதிப்பெண் பெற்றவரை மனநல ஆலோசகர் தனியே சந்தித்துப் பேசட்டும். அதுவரை அவருக்கு எந்தப் பட்டமும் சூட்டாதீர்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416 என்ற எண்ணை எல்லா விடுதிகளிலும் எழுதி ஒட்டுங்கள். பாதிப் பேர் என்று அலறுவது எளிது. அந்த இருபது பேரைத் தேடிப் பிடித்து உதவுவதுதான் கல்லூரியின் கடமை.