தாழையை வெட்டலாமா?

எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி உப்பு. அம்மா மூணு தடவை மல்லி வச்சாங்க, மூணும் கருகிப்போச்சு. வேலியோரத் தாழை மட்டும் வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கிறது. அதைத்தான் வெட்டணும் என்கிறார் அப்பா. பாம்பு வருமாம்!

வாசனைக்குப் பாம்பு வராது. புதரில் அடையும் எலி, தவளையைத் தேடித்தான் வரும். அடியில் காஞ்ச ஓலை சேராமல் வாரினால் போதும். முள் குத்தினாலும் வாருவது இனி என் வேலை.

ஆண் தாழைப் பூதான் மணக்கும். விதை போட்டால் பூக்கும்வரை ஆணா பெண்ணா தெரியாது; எனவே ஆண் தாழையின் பக்கக் கன்றை நடுங்கள். நம்ம மரக்காணம்தான் என்று அறிஞர் பலர் கருதும் எயிற்பட்டினத்தைச் சொல்லும்போது, சிறுபாணாற்றுப்படை தாழம்பூவை அன்னத்துக்கு ஒப்பிடுகிறது. அந்த ஊரில் தாழையே இல்லாமல் போகலாமா?

அப்பா இன்னும் பதில் சொல்லவில்லை. ஆயா என் பக்கம்.