பார்த்ததை மட்டும் எழுதுவோம்

கல்லூரிகளில் 'மென்டார் நோட்டு' என்று ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆசிரியரிடமும் இருபது, முப்பது மாணவர்களை ஒப்படைப்பார்கள். அவர்களைத் தனித்தனியே சந்தித்து, வீட்டு நிலைமை, உடல்நலம், படிப்பில் உள்ள சிக்கல், மனக்கவலை எல்லாம் விசாரித்து, என்ன ஆலோசனை சொன்னோம் என்பதை எழுதி, மாணவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் நாக் அமைப்பின் ஏழு அளவுகோல்களில் இரண்டாவது, கற்பித்தல் பற்றியது. எத்தனை மாணவருக்கு ஒரு வழிகாட்டி ஆசிரியர் என்ற கேள்வியும் அதில் இடம்பெற்று வந்திருக்கிறது. கேள்வியில் குறையில்லை. வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு, தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆசிரியர் இருப்பது பெரிய பலம்.

ஆனால் அந்த நோட்டு பல கல்லூரிகளில் எப்படி நிரம்புகிறது என்பது ஆசிரியர்களுக்கும் தெரியும், மாணவர்களுக்கும் தெரியும். ஆய்வுக் குழு வரும் தேதி முடிவானதும், நடக்காத சந்திப்புகள் ஆண்டுவாரியாக எழுதப்படுகின்றன. நீலப் பேனாவும் கறுப்புப் பேனாவும் மாறி மாறி வரும். 'படிப்பில் கூடுதல் கவனம் செலுத்த அறிவுறுத்தப்பட்டது' என்ற ஒரே வரி பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். மாணவர்கள் வரிசையில் வந்து, தேதியைக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். மாணவர் மீதான அக்கறைக்குச் சான்றாகக் கேட்கப்பட்ட நோட்டு, பொய்க் கணக்காகிவிடுகிறது.

நான் வேதியியல் ஆசிரியை. என் தொழிலில் நாள்தோறும் சொல்லிக்கொடுப்பது இதற்கு நேர் எதிரானது. முதலாம் ஆண்டு ஆய்வகத்தில் பெர்மாங்கனேட் டைட்ரேஷன் நடக்கும். பியூரெட்டில் அடர் ஊதாக் கரைசல். கூம்புக் குடுவையில் 20 மில்லி ஃபெரஸ் கரைசலும் நீர்த்த கந்தக அமிலமும். ஊதாச் சொட்டு விழுந்ததும் குலுக்கினால் நிறம் மறையும். ஒரு கட்டத்தில் மறையாமல் வெளிர் இளஞ்சிவப்பு நின்றுவிடும். அங்கே நிறுத்த வேண்டும். கரைசல் அவ்வளவு அடர்நிறம் என்பதால், மற்றக் கரைசல்களைப் போலக் கீழ்வளைவைப் பார்க்க முடியாது; மேல்மட்டத்தில்தான் ரீடிங் எடுக்க வேண்டும். அடுத்தடுத்துச் செய்யும்போது ஒரே அளவு வர வேண்டும். புதிதாகச் செய்கிற கைக்கு வராது. முதலில் 19.6, அடுத்து 20.1. பையன் பக்கத்து மேசையை எட்டிப் பார்ப்பான். சீனியரின் பழைய ரெக்கார்டு நோட்டு ஞாபகத்துக்கு வரும். "மேம், 19.8னு போட்டுக்கவா?" என்பான்.

"வந்தத எழுதுப்பா. தப்பா வந்திருந்தா தப்பாவே எழுது. அப்பதான் எங்க தப்பு நடந்துச்சுன்னு பார்க்கலாம்" என்பதுதான் எப்போதும் என் பதில். சில பிள்ளைகளுக்கு இதை நம்பவே ஒரு பருவம் ஆகிவிடும். தவறான ரீடிங்கை எழுதினால் மதிப்பெண் போய்விடும் என்று பள்ளியிலிருந்தே பழகி வந்திருப்பார்கள். அந்தப் பயத்தை மெல்ல மெல்லத்தான் போக்க முடியும். அப்படிப் போக்கிய பிறகு, அதே பிள்ளையை நடக்காத சந்திப்புக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி வரிசையில் நிறுத்தினால், ஆய்வகத்தில் ஆசிரியர் சொன்ன சொல்லுக்கு என்ன மதிப்பு இருக்கும்?

மாணவர்கள் மனம் விட்டுப் பேசும் இடம் எது என்று கேட்டால், என் அனுபவத்தில் அது குடுவை கழுவும் தொட்டிதான். வகுப்பிலேயே தூங்கி விழும் பையன் ஒருவன் இருந்தான். வருகைப்பதிவும் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் எல்லாரும் போன பிறகு பியூரெட்டைக் கழுவிக்கொண்டிருந்தவனிடம், "ராத்திரி தூங்கலயா தம்பி?" என்று கேட்டேன்.

"நேத்து மண்டபத்துல ரிசப்ஷன் மேம். பந்தி முடிய பன்னெண்டு மணி ஆயிருச்சு. காலையில முகூர்த்தத்துக்கு டிபன் பரிமாறிட்டு நேரா பஸ் ஏறிட்டேன்."

கேட்டரிங் வேலை. எங்கள் பக்கம் கல்லூரிப் பையன்களில் பலர் இப்படித்தான் கைச்செலவுக்கும் வீட்டுக்கும் சம்பாதிக்கிறார்கள். அவனுடைய வருகைப்பதிவேட்டை நாள்காட்டியோடு வைத்துப் பார்த்தேன். விடுப்பு எடுத்த நாள்களில் பெரும்பாலானவை முகூர்த்த நாள்களும் அவற்றுக்கு மறுநாள்களும். 75 விழுக்காடு வருகை இல்லையென்றால் தேர்வு எழுதக் காண்டனேஷன் கட்டணம் கட்ட வேண்டும். அதைக் கட்டுவதற்கு அவன் இன்னும் பல பந்திகளில் நிற்க வேண்டியிருக்கும்! முகூர்த்த வாரங்களில் அவனுடைய செய்முறையை வேறு அணியோடு மாற்றிக்கொள்ளச் சொன்னேன். எந்த வேலையை விடலாம், எதை விட முடியாது என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். பெரிதாக எதையும் செய்துவிடவில்லை. ஆனால் அவன் படிப்பை நிறுத்தவில்லை.

இந்தப் பேச்சை நான் எந்த நோட்டிலும் எழுதவில்லை. அப்பா குடிப்பது, அக்காவின் வாழ்க்கை, வீட்டுக் கடன் எல்லாம் அதில் இருந்தன. யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கும் பதிவேட்டில், மேசை மீது அடுக்கி வெளியூர்க் குழுவுக்குக் காட்டும் நோட்டில், ஒரு பிள்ளையின் வீட்டுக் கதையை எழுதி வைப்பது நம்பிக்கைத் துரோகம். மாணவர் உண்மையாகப் பேசினால் அதை எழுதக் கூடாது. எழுதிக் காட்டக்கூடியதோ ஒப்புக்குச் சொன்னதாகத்தான் இருக்கும். இந்த நோட்டின் அடிப்படைக் கோளாறே அதுதான். சந்தித்த தேதியும் பெயரும் போதும். பேசிய விஷயம் அந்த இருவரோடு இருக்கட்டும்.

அந்தப் பையனிடம் பேச முடிந்ததற்குக் காரணம், அடுத்த மணி எனக்கு வகுப்பு இல்லை என்பதுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி ஆசிரியரின் பணிநேரம் வாரம் 40 மணி. அதில் நேரடிக் கற்பித்தல் உதவிப் பேராசிரியருக்கு 16 மணி, மற்றவர்களுக்கு 14 மணி. மிச்ச நேரம் பாடத்துக்குத் தயாராகவும் ஆராய்ச்சிக்கும் மாணவர்களுக்கும் வேண்டும் என்றுதான் இந்தப் பகுப்பு. ஆனால் அந்த நேரத்தைத்தான் கோப்புகள் தின்கின்றன. வினாத்தாளின் ஒவ்வொரு கேள்வியும் எந்தக் கற்றல் விளைவைச் சேர்ந்தது, அது நினைவுகூர்தலா பகுப்பாய்வா என்று குறிக்க வேண்டும். மதிப்பெண்களை எக்ஸெலில் ஏற்றி விளைவு எத்தனை விழுக்காடு எட்டப்பட்டது என்று காட்ட வேண்டும். நடத்திய நிகழ்ச்சிக்குப் புகைப்படம், அதில் இடமும் நேரமும் பதிவாகியிருக்க வேண்டும். தொட்டியருகே நின்று பேச வருகிற பிள்ளையிடம் "அப்புறம் வாப்பா" என்று சொல்லும் ஆசிரியர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். மாலைக்குள் அனுப்ப வேண்டிய கோப்பு அவர்கள் மேசையில் இருக்கிறது.

நிரந்தரப் பணியில் இருக்கும் எங்கள் நிலை இது. என் பழைய மாணவி ஒருத்தி இப்போது ஓர் அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். முனைவர் பட்டம் பெற்றவள். மாதம் 20,000 ரூபாயாக இருந்த தொகுப்பூதியம் 25,000 ஆனது; ஆண்டுக்குப் பதினொரு மாதம்தான். கௌரவ விரிவுரையாளர்களுக்குப் பாடவேளைக்கு 1,500 ரூபாய் வீதம், மாதம் 50,000 ரூபாய்க்கு மிகாமல் தரலாம் என்று மானியக் குழு 2019இல் சொன்னது. அவளிடமும் முப்பது மாணவர்களை ஒப்படைத்திருக்கிறார்கள். "மே மாசம் சம்பளம் இல்ல மேம். ஜூன்ல பையனுக்கு ஃபீஸ் கட்டணும். இதுல நான் யாருக்குக் கவுன்சலிங் கொடுக்கறது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. சலித்துப் பேசுகிற பெண் அல்ல அவள். பருவத் தேர்வுக்கு முன்னால் தன் செலவில் நகல் எடுத்துக் குறிப்புகள் தருகிறவள்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷில்ட் 1983இல் வெளியிட்ட நூலில் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்தார். உள்ளே ஒன்று இருக்க, முகத்தில் வேறொன்றைக் காட்டியே சம்பாதிக்க வேண்டிய வேலை மனிதரை எப்படிக் களைக்க வைக்கிறது என்பதை அவர் எழுதினார். ஆசிரியப் பணியும் அந்த வகையில் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஆய்வுக் குழு வகுப்பைப் பார்க்க வந்த ஒரு நாளில் நான் கண்ட காட்சியைச் சொல்கிறேன். நெல்லைத் தமிழில், கையில் சாக்பீஸோடு, "ஏலே, இந்த எலக்ட்ரான் எங்கலே போச்சு?" என்று கேட்டு வகுப்பையே கட்டிப்போடும் ஆசிரியர் ஒருவர் அன்று திரையில் ஓடும் ஆங்கில வரிகளை ஒன்றுவிடாமல் வாசித்தார். பிள்ளைகள் யாரோ புதியவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. அவருடைய ஊரில் அவரைப் போலக் கரிம வேதியியல் நடத்த ஆள் கிடையாது. வந்தவர்களுக்கு அது தெரியாமலே போயிற்று.

ஆசிரியர் தானாக இருப்பது என்றால் வகுப்பில் சொந்தக் கதை பேசுவது அல்ல. தன் மொழியில், தனக்குக் கைவந்த முறையில் பாடம் நடத்துவது. தெரியாத கேள்விக்கு "தெரியலப்பா, நாளைக்குப் பார்த்துட்டு வரேன்" என்று சொல்ல முடிவது. சொன்னபடி மறுநாள் பார்த்துவிட்டு வருவது. இதற்குத் தெம்பு வேண்டும், நேரம் வேண்டும், வேலை நிலைக்கும் என்ற உறுதி வேண்டும்.

அப்படி ஓர் ஆசிரியர் பிள்ளைகளுக்கு எவ்வளவு தேவை என்பதை ஓர் எண் சொல்லும். 2022ஆம் ஆண்டில் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கூறுகிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலத்துக்காக வழிகாட்டுதல்களை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறையாவது மனநல முதலுதவிப் பயிற்சி தர வேண்டும் என்றது. மனதார வரவேற்கிறேன். ஆனால் இந்தப் பயிற்சியும் இன்னொரு சான்றிதழாக, இன்னொரு கோப்பாக மாறிவிடுமோ என்ற கவலை எனக்கு இருக்கிறது. பிள்ளையின் முகம் வாடியிருப்பதைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்ட ஆசிரியருக்கு, நின்று அந்த முகத்தைப் பார்க்கப் பத்து நிமிடம் வேண்டாமா?

பதிவேடே இல்லையென்றால் ஆசிரியர்கள் ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று நிர்வாகத்தில் இருப்பவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மாணவரை ஏறிட்டும் பார்க்காத ஆசிரியர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர்களுடைய நோட்டும் நிரம்பித்தான் இருக்கிறது. உண்மையிலேயே பிள்ளைகளுக்காக மெனக்கெடுபவரின் நோட்டும் அவர்களுடைய நோட்டும் பார்வைக்கு ஒன்றுதான். அப்படியென்றால் அந்தப் பதிவேடு யாரைக் கண்டுபிடித்துக் கொடுத்தது?

கல்லூரி முதல்வர்களையும் உயர்கல்வித் துறையையும் கேட்டுக்கொள்கிறேன். வரும் ஜூனில் காலஅட்டவணை போடும்போது, ஒவ்வோர் ஆசிரியருக்கும் வாரத்தில் ஒரு மணி நேரத்தை மாணவர்களுக்கென்றே ஒதுக்குங்கள். அந்த மணியில் கூட்டம் வைக்காதீர்கள், கோப்பு கேட்காதீர்கள். மென்டார் நோட்டில் தேதியும் பெயரும் போதும் என்று சுற்றறிக்கை அனுப்புங்கள். கௌரவ விரிவுரையாளர்களுக்கு மே மாதச் சம்பளத்தையும் கொடுங்கள்.