பத்திரத்தில் அம்மாள், பத்தாயத்துச் சாவி யாரிடம்?

பணக்கார வீட்டுப் பெண்களுக்கு என்ன குறை, பட்டில்லையா, தங்கமில்லையா என்று நம் தோழர்களே சில சமயம் கேட்கிறார்கள். தஞ்சை மிராசுதார் வீட்டுப் பத்திரப் பெட்டியைத் திறந்து பார்த்தால் பதில் கிடைக்கும்.

1961-ல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றார்கள். 1970-ல் அது 15 ஆகக் குறைந்தது. மீதி நிலம் ஏழை விவசாயிக்கு என்பது பேச்சு. ஆனால் அதே சட்டம், பெண்ணின் சீதன நிலம் என்றால் 10 ஸ்டாண்டர்டு ஏக்கர் வரை தனியே வைத்துக்கொள்ளலாம் என்று வாசலைத் திறந்து வைத்தது. சட்டம் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதுமே பாகப் பிரிவினையும் தானப் பத்திரமும் மும்முரமாயின. மனைவி, மருமகள், தொட்டிலில் கிடந்த பெண் குழந்தை எல்லோரும் திடீரென்று நிலவுடைமையாளர்கள் ஆனார்கள்!

உண்மையில் ஆனார்களா? குத்தகை பேசியது யார்? களத்தில் நெல் அளந்தது யார்? விற்ற பணம் யார் மடியில் போயிற்று? அடுப்படியிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டதோடு அம்மாளின் உடைமை முடிந்தது.

அதே வீட்டு மகள் பங்கு கேட்டால் மட்டும், "உனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்றே!" என்பார்கள். 1956-ம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டம், கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே இருந்த உரிமையை மகளுக்குத் தரவில்லை. 1989-ல் தமிழ்நாடு அதைத் தந்தது. அதற்குள் கல்யாணமாகிவிட்டவர்களை விட்டுவிட்டது. 2005-ல்தான் மத்தியச் சட்டம் திருந்தியது. அப்புறமும் என்ன? சகோதரிகளைச் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசுக்குக் கூட்டிப்போய், பங்கு வேண்டாமென்று எழுதி வாங்குகிறார்கள். அதற்குப் பெயர் விடுதலைப் பத்திரமாம்! யாருக்கு விடுதலை?

மிராசுதார் வீட்டு அம்மாளையும் அவர் வயலில் நட்ட பெண்ணையும் ஒரே தட்டில் வைக்கச் சொல்லவில்லை. அம்மாளுக்குப் பசியில்லை. சேற்றில் குனிந்து நட்டவளுக்கோ, 1976-ல் சம ஊதியச் சட்டம் வந்த பிறகும் பெண் கூலி என்று தனிக் கணக்கு. ஆனால் அம்மாள் பேரில் எழுதிய அந்தக் காகிதம்தான் இவளுக்கு வரவேண்டிய நிலத்தைத் தடுத்தது. அம்மாளுக்கும் அது சோறு போடவில்லை. கணவனைக் கேட்டுத்தான் பேத்திக்கு ஒரு கொலுசு வாங்க முடிந்தது.

சீதனம் என்று விலக்குப் பெற்ற நிலங்களின் கணக்கைச் சர்க்கார் கிராமவாரியாக வெளியிடட்டும். அவற்றில் எத்தனை ஏக்கர் இன்று அந்தப் பெண்களின் மகள்கள் பேரில் இருக்கிறது என்று பார்ப்போம்.