விழியின் நிணநீரும் தமிழின் கடமையும்

கண்ணைப் பாடாத தமிழ்ப் புலவர் இலர். கயல் என்றும் குவளை என்றும் வேல் என்றும் விழியை உவமித்து மகிழ்ந்தது நம் மொழி. அவ்விழியின் மேற்பரப்புத் திசுக்களில் கசியும் நீர் எவ்வழியே வடிகின்றது என்று ஒரு மாணவர் வினவினால், ஐயத்திற்கு இடமின்றித் தமிழில் விடையிறுக்க இயலுமா? இயலும் என்பதே நம் துணிபு. ஆயின், அதற்குரிய உழைப்பு இன்னும் நிறைவுறவில்லை.

நாம் இங்குக் குறிப்பது கண்ணீரை அன்று. கண்ணீர் விழிக்கு வெளியே படர்ந்து, இமையோரத்துச் சிறு துளைகளின் வழியே மூக்கினுள் இறங்கிவிடும். நாம் கூறுவது நிணநீர். வெண்விழியைப் போர்த்தி, இமையின் உட்புறம் வரை சென்று இரண்டையும் இணைக்கும் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதனுள் ஓடும் நுண்ணிய குருதிக் குழாய்களிலிருந்து நீரும் புரதமும் சிறிது சிறிதாகக் கசிகின்றன. அவ்வாறு கசிந்து தேங்குவதை வாங்கிச் செல்வன நிணநீர் நாளங்கள். இவற்றின் தொடக்க முனை மூடியிருக்கும். சுவரின் செல்களோ ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன்மீது ஒன்று படிந்திருக்கும். திசு வீங்குங்கால் நுண்ணிழைகள் அச்செல்களை இழுத்து இடைவெளியைத் திறக்க, நீர் உட்புகும். அப்பால் உள்ள பெருநாளங்களில் அமைந்த தடுக்கிதழ்கள் அந்நீரைப் பின்னோக்கி ஓடவிடா.

சவ்வின் வெளிப்புறப் பகுதியின் நிணநீர் காதிற்கு முன்னுள்ள கணுக்களுக்கும், மூக்கை ஒட்டிய பகுதியின் நிணநீர் தாடைக்குக் கீழுள்ள கணுக்களுக்கும் பெரும்பாலும் செல்கின்றது. ‘மெட்ராஸ் ஐ’ என்று மக்கள் வழங்கும் கண்ணோய் அடினோ வைரசால் வரும்போது, காதின் முன்னே சிறு கட்டி தோன்றி வலிப்பது இதனாலேயே. கண் சிவந்த குழந்தையின் காதருகே கட்டியைக் கண்டு, இது வேறொரு நோயோ என்று கலங்கும் தாய்க்கு இவ்வழியைத் தாய்மொழியில் விளக்குவது அறமன்றோ?

இச்சவ்விற்கு நேர்மாறானது கருவிழியின் முன் அமைந்த தெளிந்த படலம். ‘கார்னியா’ எனப்படும் அதில் குருதிக் குழாயும் இல்லை, நிணநீர் நாளமும் இல்லை. அதன் தெளிவுக்கு இவ்வின்மை ஒரு காரணம். 1905ஆம் ஆண்டில், இன்றைய செக் நாட்டிலுள்ள ஒலொமோத்ஸ் நகரில், எட்வர்ட் சிர்ம் ஒருவர் விழியின் படலத்தை மற்றொருவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். பிற உறுப்புகளைவிட இப்படலத்தை உடல் எளிதில் ஏற்பதற்கும் நாளங்களின் இன்மை துணைபுரிகின்றது. அழற்சியால் நிணநீர் நாளங்கள் எல்லை கடந்து இதனுள் வளர்ந்துவிட்டாலோ, பொருத்திய படலத்தை உடல் புறந்தள்ளும் வாய்ப்பு மிகுகின்றது.

இனி நம் மொழிக்கு வருவோம். ‘விழிவெண்படலம்’ என்னும் சொல்லை ஒரு சாரார் கார்னியாவிற்கு ஆள்கின்றனர். மற்றொரு சாரார் வெண்விழியைப் போர்த்திய சவ்விற்கு ஆள்கின்றனர். நாளங்கள் நிறைந்த ஒன்றுக்கும் நாளங்களே இல்லாத மற்றொன்றுக்கும் ஒரே பெயர்! இவ்விரண்டையும் கற்கும் மாணவர் எதனைப் பற்றுவார், எதனை விடுவார்? பிழை மொழியினுடையது அன்று; பொருளை நோக்காது சொல்லை மட்டும் ஆக்கும் பழக்கத்தினுடையது.

பொருளறிந்து ஆக்கிய சொல்லும் நம்மிடம் உண்டு. ‘நிணநீர்’ என்பதையே எண்ணுக. நிணம் என்பது கொழுப்பு. 1622இல் இத்தாலியரான காசுபாரோ அசெல்லி, உணவுண்ட நாயின் குடலருகே பால்போன்ற வெண்ணாளங்களைக் கண்டார். அவ்வெண்மை உணவின் கொழுப்பால் வந்தது. ஆகவே நிணநீர் என்னும் பெயர் எவ்வளவு பொருத்தம்! அவ்வாறே, விழியையும் இமையையும் சேர்க்கும் சவ்விற்கு ‘இமையிணைப்படலம்’ என்பதே ஏற்றது. அரபு மருத்துவ மொழியும் இதனை ‘முல்தஹிமா’, அஃதாவது ஒட்டி இணைந்தது, என்றே வழங்குகின்றது.

அரபு மொழியின் வரலாறு நமக்கு நல்ல படிப்பினை. பாலைவனத்துக் கவிதையில் சிறந்திருந்த அம்மொழி, 9ஆம் நூற்றாண்டுப் பக்தாதில் மருத்துவத்தின் மொழியாகவும் உயர்ந்தது. கிறித்தவ அறிஞரான ஹுனைன் இப்னு இஸ்ஹாக், கிரேக்கச் சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கித் திருத்திய பின்னரே மொழிபெயர்க்கத் தலைப்பட்டார்; கண்ணைப் பற்றித் தாமே பத்து ஆய்வுரைகள் வரைந்தார். முஸ்லிம் ஆட்சியாளர்கள் அவரைப் போற்றிப் புரந்தனர். தமிழிலும் முன்னோடிகள் உளர்: யாழ்ப்பாணத்து மானிப்பாயில், 19ஆம் நூற்றாண்டிலேயே, சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார்.

தமிழில் எல்லாம் உண்டு என்று முழங்குவோரும், தமிழில் ஒன்றும் இயலாது என்று கைவிரிப்போரும் உழைப்பிலிருந்து தப்புவதில் ஒருவரே. கல்லூரிதோறும் தமிழ்த்துறையினரும் விலங்கியல் துறையினரும் ஒரே மேசையில் அமர்தல் வேண்டும். ஆண்டுக்கு ஓர் உறுப்பைத் தேர்ந்து, அதன் செயலை முதற்கண் உணர்ந்து, பின் சொல்லை வரையறுத்து, மாணவரிடம் படித்துக் காட்டித் திருத்துக. கவியரங்கிற்குப் பரிசு வழங்கும் சமுதாயப் பெரியோர், நல்லதோர் அறிவியல் கட்டுரைக்கும் ஒரு பரிசு வழங்குக. முதற்பாடமாகக் கண்ணையே கொள்ளலாம். பாடிப் பழகிய உறுப்பு அதுவே அன்றோ!